இனிக்கும் ஒடியல் மா

முதல் சாட்சி ஒரு ஏவறை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து இறங்கும் ஒழுங்கை ஒன்றின் நான்காம் மாடி வீட்டில், மூன்று மாதமும் பத்து நாளும் வயதான மிதுரா தாயின் தோளில் கிடந்தபடி அதை விட்டாள். பெரிய ஏப்பம் இல்லை. பூனைக்குட்டி தும்மினால் எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவுதான். ஆனால் தாய் அருந்ததியின் மூக்கு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

மணம் பிழையாக இருந்தது.

தன் பாலைக் குடித்த பிள்ளை ஏவறை விட்டால் என்ன மணக்கும் என்று அவளுக்குத் தெரியும். இளம் புளிப்பு, வெயிலில் காய்ந்த துணி, அதற்குள் கொஞ்சம் பிள்ளை. இது அதுவல்ல. காலி வீதியில் பஸ்சுக்கு நிற்கும்போது பின்னால் இருக்கும் பேக்கரிக்குள் இருந்து வந்து தோளைத் தட்டுமே ஓர் இனிப்பு, அது.

"மச்சாள், பிள்ளைக்கு இண்டைக்கு என்ன குடுத்தனீங்கள்?"

சுபாஷினி மச்சாள் குசினியில் இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். கணவன் உமாசுதனின் ஒரே அக்கா. கலியாணம் கட்டாதவள். பிள்ளை பார்ப்பதற்கென்று யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு சூட்கேசும் ஏழு மா ரின்களுமாக வந்திறங்கியவள்.

"வேற என்னத்தைக் குடுக்கிறது? நீ எடுத்து வைச்சிட்டுப் போனதைத்தான்."

பதில் வந்த வேகம் அருந்ததிக்குப் பிடிக்கவில்லை. அவள் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் எட்டு வருடமாகத் தட்டச்சு செய்கிறவள். எத்தனை ஆட்களின் சத்தியக்கடதாசிகள் அவளுடைய பத்து விரலுக்குள்ளாலும் போயிருக்கின்றன. உண்மை சொல்ல வருகிற ஆள் யோசிப்பான், திகதியை மறப்பான், காதைச் சொறிவான். கேள்வி முடிய முதலே பதிலை நீட்டுகிறவன் அதை வீட்டிலேயே பாடமாக்கிக்கொண்டு வந்தவன்.

அவள் பிள்ளையை மறுபடி மணந்து பார்த்தாள். பேக்கரிதான்.

அருந்ததியைப் பற்றிக் குடும்பத்தில் பழைய பேச்சொன்று உண்டு. தொடங்குவாள், முடிக்கமாட்டாள். பொய்யென்று சொல்லவும் முடியாது. மூன்று வருடம் வீணை பழகினாள். இப்போது வீணையின் உறை மட்டும் அலுமாரிக்கு மேலே இருக்கிறது, அதற்குள்ளே பழைய போர்வை. சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு ஒரு வருடம் வகுப்புக்குப் போனாள், பரீட்சையன்று காய்ச்சல் வந்தது. வராத காய்ச்சல் என்று இன்றுவரை சந்தேகிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் அவளும் ஒருத்தி. பிள்ளைக்குப் பின்னத் தொடங்கிய கம்பளிச் சப்பாத்துக்கூட ஒரு காலுக்குத்தான் முடிந்தது. மற்றக் கால் ஊசியில் தொங்குகிறது.

அதனால்தான் இந்த ஆறு மாதம் அவளுக்குப் பெரிய விசயம். ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம் என்று கிளினிக் மருத்துவிச்சி மிஸ் சொன்னபோது, இதையாவது முடிக்கவேண்டும் என்று மனதுக்குள் கையெழுத்து வைத்தாள். முதல் மூன்று கிழமையும் மார்பு வெடித்து இரத்தம் வந்தது. பிள்ளை வாய் வைக்கும்போது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஸ் வாய்ப்பாடு சொன்னாள். அதையும் தாண்டினாள். ஒருத்தரும் கைதட்டவில்லை. பாதி தூரம் போனதும் லீவு முடிந்தது.

வேலைக்குத் திரும்ப முதல், பாலை எப்படி எடுத்து வைப்பது, எப்படிக் கொடுப்பது என்று மிஸ் வீட்டுக்கு வந்து சொல்லித் தந்தாள். மச்சாள் அப்போது இன்னும் யாழ்ப்பாணத்தில். ஆகவே அருந்ததி தனக்குத் தெரிந்த ஒரே வழியில் அதை மச்சாளுக்கு விட்டுவைத்தாள். நீட்டுக் கடதாசியில் தட்டச்சு செய்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். பத்து உறுப்புரை. ஒன்று, குப்பியைச் சுடுநீர்ச் சட்டிக்குள் வைத்தே சூடாக்க வேண்டும், அடுப்பில் வைக்கலாகாது. இரண்டு, கோப்பையாலும் கரண்டியாலும் மட்டுமே புகட்ட வேண்டும், சூப்பிப் போத்தல் முற்றாகத் தடை. இப்படியே பத்து. கீழே திகதியும் போட்டிருந்தாள்.

வந்த அன்றைக்கு மச்சாள் கண்ணாடியைப் போட்டு அதை முழுக்க வாசித்தாள்.

"இதென்னடி, காணி உறுதியோ? சாட்சிக் கையெழுத்து ஆர் வைக்கிறது?"

"உங்கடை தம்பியைக் கூப்பிடுங்கோ, வைப்பார்."

"அவன் வைப்பான். வாசிக்காமல் வைப்பான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அது இரண்டு கிழமைக்கு முந்திய சிரிப்பு.

புதன்கிழமை அருந்ததி அலுவலகத்தில் இரண்டாம் சாட்சியைக் கண்டாள். அது அவளுடைய சொந்த மார்பு.

சட்டத்தரணி சிவபாதசுந்தரத்தின் அலுவலகத்தில் கதவு பூட்டக்கூடிய அறை இரண்டுதான். ஒன்று அவருடையது. மற்றது பழைய வழக்குக் கோப்புகள் கிடக்கும் அறை. அதன் பூட்டு உடைந்து கனகாலம். அருந்ததி கதவுக்கு ஒரு கதிரையை முட்டுக்கொடுத்து, எல்லைத் தகராறுகளுக்கும் விவாகரத்துகளுக்கும் நடுவில் குந்தியிருந்து, கையால் அமுக்கும் பம்பினால் பால் எடுப்பாள். முதல் கிழமையில் பத்து நிமிசத்தில் குப்பி நிரம்பியது. இப்போது இருபது நிமிசமாகியும் பாதியைத் தாண்டவில்லை.

கதவு தட்டுப்பட்டது. கதிரை ஓர் அங்குலம் நகர்ந்தது.

"பிள்ளை, உள்ளுக்கை என்ன செய்யிறீர்?"

"ஃபைல் தேடுறன் சேர்."

"எந்த ஃபைல்?"

"கிடைச்சால் சொல்லுறன் சேர்."

சேருக்கு அவள்மேல் ஒரு சந்தேகம் வளர்ந்துவருவது அவளுக்குத் தெரியும். நாளுக்கு இரண்டு தரம் ஒரு பையோடு கோப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிற எழுதுவினைஞரைப் பற்றி எந்தச் சட்டத்தரணிதான் நல்லதாக நினைப்பார்? போன வெள்ளிக்கிழமை காணி உறுதிகளை அவர் தன் மேசை லாச்சிக்கு மாற்றியிருந்தார். உள்ளதைச் சொன்னால் அவர் வெட்கத்தில் ஒரு கிழமை அலுவலகத்துக்கே வரமாட்டார். அதனால் இருவரும் இப்படியே போய்க்கொண்டிருந்தார்கள். அவர் சந்தேகப்பட, அவள் பிழிய.

அவள் பாதிக் குப்பியைத் தூக்கிப் பார்த்தாள். மிஸ் சொன்னது ஞாபகம் வந்தது. பிள்ளை எவ்வளவு குடிக்குதோ அவ்வளவுக்குத்தான் பால் சுரக்கும். குடிக்காட்டி உடம்பும் கடையைச் சாத்திவிடும். அப்படியென்றால் பின்னேரங்களில் மிதுரா ஏன் குடிப்பதில்லை? வேலையால் வந்து மடியில் போட்டால் இரண்டு இழுவை. பிறகு தலையை அந்தப் பக்கம் திருப்பி, ஆள்மாறி யாரையோ முத்தமிடப் போனவள்போல முகத்தைச் சுளிக்கிறாள். வயிறு மட்டும் மத்தளம். எதனால் நிரம்பிய மத்தளம்?

அல்லது, பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது அவள் நினைத்தாள், இது வழக்கமான அருந்ததிதானோ? வீணைக்கு வந்ததுபோல, பரீட்சைக்கு வந்ததுபோல, பாலுக்கும் காய்ச்சல் வந்துவிட்டதோ?

"இஸ்ஸரஹட்ட யன்ன, நங்கி!" கொண்டக்டர் முதுகுக்குப் பின்னால் கத்தினான். முன்னுக்குப் போகட்டாம். அவள் எங்கே போவது? முன்னால் ஒரு பருத்த மனிதரின் முதுகு இருந்தது. பாதிக் குப்பியைப் பையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு அவள் அந்த முதுகிலேயே சாய்ந்தாள்.

மூன்றாம் சாட்சி வியாழக்கிழமை மாடிப்படியில் கிடைத்தது. மின்தூக்கி வழக்கம்போல் பழுது. இரண்டாம் மாடி ஸீனத் படியில் உட்கார்ந்து வெங்காயத் தாள் நறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று பிள்ளைகளின் தாய். அந்தக் கட்டடத்தில் யார் எப்போது வெளியே போய் எப்போது உள்ளே வருகிறார்கள் என்பதைப் பதிவேடு இல்லாமலே வைத்திருப்பவள்.

"அருந்ததி, ஒங்கட மச்சாளுக்கு சொகமில்லயா?"

"ஏன், சுகமாத்தானே இருக்கிறா?"

"இல்ல, ரெண்டு தரம் பார்மசில கண்டேன். கையில பேக் ஒண்டு ஈந்திச்சு. எனத்தயன்டு கேட்டா கால்நோவுக்கு தைலமாம்." ஸீனத் கத்தியை நிறுத்தினாள். "தைலம் பேக்குக்குள்ள கிலுக்கு கிலுக்குண்டு சத்தம் போடுமா?"

அருந்ததியும் படியில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்கள் எத்தனை மாதம் குடுத்தீங்கள் ஸீனத்? பால்?"

"கடைசிக்கு ஆறும் முடிஞ்ச. மூத்தது ரெண்டுக்கும் மூணு மாசந்தான்." அவள் தாளைச் சுளகில் தட்டினாள். "ஒத்தரும் நிப்பாட்டச் சொல்லல்ல, தெரியுமா? எல்லாரும் பாவம் பாவம்ண்டுதான் சொன்னாங்க. பாவம், தூக்கமில்ல. பாவம், மெலிஞ்சி போயிட்டா. ஒரு நாளைக்கி ஒரு போத்தல் குடுத்தா எனத்த? பொறகு பாத்தா எனக்கிட்ட பாலுமில்ல, புள்ளைக்கி நானும் தேவயில்ல. சண்ட புடிக்க ஆளுமில்ல. எல்லாரும் நல்லவங்க."

அருந்ததி மேலே போனாள். தேத்தண்ணி போட என்று குசினிக்குள் போய் உப்புப் போத்தலைத் தள்ளியபோது அதற்குள் ஒரு கரண்டியைக் கண்டாள். சின்னது. வெள்ளைப் பிளாஸ்டிக். அடி தட்டையானது, கைப்பிடி நேரானது. அரிசிக்கோ மிளகாய்த்தூளுக்கோ எந்தக் கடையிலும் தனியாக விற்காத கரண்டி. பிள்ளைப் பால்மா ரின்னுக்குள்ளே மட்டும் பிறக்கிற கரண்டி.

நல்ல குற்றவாளி என்றால் அதை எறிந்திருப்பான். ஆனால் மச்சாள் ஒரு நல்ல பிளாஸ்டிக் கரண்டியை எறிகிற பரம்பரையில் பிறக்கவில்லை. யோகட் கோப்பையில் வெந்தயம், பிஸ்கட் ரின்னில் ஊசிநூல். கரண்டி என்றால் உப்புக்குத்தான் போகும்.

அருந்ததி உப்புப் போத்தலை இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு வீட்டைச் சோதனை போட்டாள். மச்சாள் குளிக்கப் போன பத்து நிமிசத்தில் கட்டிலுக்குக் கீழே, சூட்கேசுக்குள்ளே, சாமிப் படங்களுக்குப் பின்னாலே, வீணை உறைக்குள்ளே எல்லாம் தேடினாள். ரின் இல்லை. போர்வைக்குள் தும்மல்தான் வந்தது. குளியலறைத் தண்ணீர் நின்றபோது அவள் கதிரையில் இருந்து பழைய பேப்பரைத் தலைகீழாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை தன் நகப்பூச்சை எடுத்தாள். குப்பிகளில் பால் நிற்கும் மட்டத்தில், யாருக்கும் தெரியாத அளவுக்கு, ஒவ்வொரு சிவப்புப் புள்ளி. பத்தரைக்கு, தலை சுற்றுகிறது என்று சேரிடம் சொன்னாள். அவர் அவளுடைய பையைப் பார்த்தார், கோப்பறையைப் பார்த்தார், போகலாம் என்றார். பன்னிரண்டு மணிக்கு அவள் வீட்டுக் கதவைச் சத்தமில்லாமல் திறந்து உள்ளே வந்தாள்.

மிதுரா தொட்டிலில் நித்திரை. கை இரண்டும் மேலே, போலீசில் சரணடைந்தவள்போல. குளிர்சாதனப் பெட்டிக்குள் காலையில் வைத்த குப்பிகளில் ஒன்று குறைந்தது. அது கழுவிக் கவிழ்த்தபடி சிங்குக்குப் பக்கத்தில். மற்றவற்றில் பால் சிவப்புப் புள்ளியிலேயே நின்றது. அப்படியென்றால் குடித்திருக்கிறாள். அப்படியென்றால் தான்தான் பைத்தியம். அருந்ததிக்கு ஒரு கணம் வெட்கமாகக்கூட இருந்தது.

அப்போதுதான் எறும்புகளைக் கண்டாள்.

சிங்கிலிருந்து அல்ல. பல்கனிச் சுவரோரம், மிக ஒழுங்காக, பாடசாலை விட்டுப் போகிற பிள்ளைகள்போல ஒரு வரி. அது கறிவேப்பிலைச் சாடியை நோக்கிப் போனது. சாடியைச் சுற்றி யாரோ மஞ்சள்தூளால் வட்டம் போட்டிருந்தார்கள். எறும்புகள் வட்டத்துக்கு வெளியே நின்று கூட்டம் வைத்துக்கொண்டிருந்தன. சாடி மண்ணின் மேல் வெள்ளையாக ஓர் ஆடை படிந்து காய்ந்திருந்தது. செடியோ, இரண்டு கிழமைக்கு முதல் மூன்று ஈர்க்கோடு நின்ற நோஞ்சான், இப்போது பச்சைப் பசேலென்று கொழுத்து நின்றது. கிளினிக்கில் நிறுத்திருந்தால் பிள்ளையைவிடக் கூட நிறுத்திருக்கும்.

அருந்ததி குனிந்து மண்ணை மணந்தாள். இளம் புளிப்பு. வெயிலில் காய்ந்த துணி.

பின்னால் காலடி கேட்டது. மச்சாள் கையில் சூப்பிப் போத்தல். அதற்குள் கட்டியான வெள்ளைப் பால், பேக்கரி மணத்தோடு.

"நீ... நீ எப்பவடி வந்தனீ?"

"மச்சாள், எங்கை அந்த ரின்?"

"எந்த ரின்?"

அருந்ததி மச்சாளைக் கடந்து குசினிக்குப் போனாள். நேற்றுத் தேடாத ஓர் இடம் மிச்சம் இருந்தது. சுவர்த் தட்டில் ஏழு மா ரின்களும் வரிசையாக. வறுத்த மா, அவித்த மா, உழுத்தம் மா, குரக்கன் மா. கடைசியில் ஒடியல் மா. அந்தப் பனங்கிழங்கு மாவின் கைப்பு அருந்ததிக்கு ஆகாது, அந்தப் பக்கம் கை நீட்டவே மாட்டாள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள் மூடியைத் திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

இனித்தது. உலகத்தில் ஒடியல் மா இனித்ததாக எந்தச் சரித்திரமும் இல்லை.

"சொல்லுங்கோ," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "என்ரை பாலைச் செடிக்கு ஊத்திப்போட்டு இதைக் குடுக்கிறீங்கள். ஏன்? நான் முடிக்கமாட்டன் எண்டு உங்களுக்கும் தெரியும், என்ன? அதுதான் முந்திக்கொண்டு நீங்களே நிப்பாட்டிப்போட்டீங்கள்."

மச்சாள் கதிரையில் இருந்துவிட்டாள். போத்தலை மேசையில் வைக்கக்கூடத் தோன்றவில்லை.

"நிப்பாட்டவோ? நானோ? உன்ரை பால் திரைஞ்சு போச்சடி."

"என்ன?"

"முதல் ரெண்டு நாளும் கோப்பையாலை குடுத்தனான். நீ எழுதினபடி. நல்லாக் குடிச்சாள். மூண்டாம் நாள் குப்பியை எடுத்தால் மேலை ஒரு கட்டி, கீழை நீலமாத் தண்ணி. திரைஞ்ச பாலைப் பச்சைப் பிள்ளைக்குக் குடுக்கலாமே? தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினனான். அவனும் பாத்திட்டு, பழுதாப் போச்சக்கா எண்டான். அடுத்த நாளும் அப்பிடி. அதுக்கடுத்த நாளும். உனக்கு எப்பிடிச் சொல்லுறது? விடிய எழும்பி, பஸ்ஸிலை தொங்கி, அந்தப் பழங்கடதாசிக்குள்ளை இருந்து நீ பிழிஞ்சு கொண்டாறாய். அது தண்ணி எண்டு நான் எந்த வாயாலை சொல்ல?"

"அதுக்கு ஊத்துறதே?"

"சிங்கிலை ஊத்தேல்லை!" மச்சாள் சத்தமாகவே சொன்னாள், அது ஒன்றுதான் தன் பக்க நியாயம் என்பதுபோல. "தாய்ப்பாலைக் கண்ட கண்ட இடத்திலை ஊத்தினால் வத்திப்போகும் எண்டுவினம். எறும்பு தீண்டினாலும் வத்துமாம். அதுதான் செடிக்கு ஊத்தி, மஞ்சளும் போட்டு... உனக்குப் பால் நிக்கக்கூடாது எண்டு நானடி மஞ்சள் போட்டனான்."

அருந்ததி பல்கனியைத் திரும்பிப் பார்த்தாள். வட்டத்துக்கு வெளியே எறும்புகள் இன்னும் முற்றுகை இட்டபடி. பிள்ளையின் வாய்க்குப் போகவேண்டிய பாலை ஊற்றியவளே, அது வற்றக்கூடாதென்று அதைச் சுற்றி மஞ்சளால் காவலும் போட்டிருக்கிறாள். இப்படிப்பட்ட குற்றவாளியை எந்த நீதிமன்றம் விசாரிக்கும்?

அவள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மிச்சமிருந்த குப்பியொன்றை எடுத்தாள். மேலே வெண்ணெய்போல ஓர் ஆடை. கீழே நீலம் கலந்த மெல்லிய பால். மச்சாளின் மூக்குக்கு நேரே பிடித்து, அதை மெல்ல, வட்டமாக ஆட்டினாள். ஆடை கலைந்தது. நீலம் மறைந்தது. குப்பிக்குள் பால் மட்டும் நின்றது.

"ரெண்டாத்தான் பிரியும் மச்சாள். வைச்சால் அப்பிடித்தான். ஆட்டிப்போட்டுச் சூடாக்கிறது. மிஸ் சொன்னவ."

மச்சாள் குப்பியைப் பார்த்தாள். பிறகு எழும்பிப் போய்க் கண்ணாடியைப் போட்டு, பெட்டியில் ஒட்டியிருந்த கடதாசியை முதல் உறுப்புரையில் இருந்து பத்தாவது வரைக்கும் விரலை வைத்து வாசித்தாள்.

"இதிலை இல்லை," என்றாள்.

அருந்ததியும் வந்து வாசித்தாள். கையை எத்தனை தரம் கழுவுவது என்று இருந்தது. குப்பியைத் துடைக்கும் துணியின் நிறம்கூட இருந்தது. இது இல்லை. மிஸ் சொன்னபோது தலையாட்டியது ஞாபகம் வந்தது. பால் என்றால் பால்மாவைக் கட்டியாகக் கரைத்துக் குடித்தே வளர்ந்த வீட்டில், மெல்லிய பாலைக் கண்டால் என்ன நினைப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை. கட்டியாக இருந்தால் சத்து, தண்ணியாக இருந்தால் ஏமாற்று. தேத்தண்ணிக் கடையிலும் அதுதானே சட்டம்.

பின்னேரம் உமாசுதன் தன் கைபேசிக் கடையால் வந்தபோது மச்சாள் சூட்கேசைத் திறந்து வைத்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கே பஸ் ஏறுகிறாளாம். பிள்ளைக்குத் துரோகம் செய்தவள் இந்த வீட்டில் சோறு தின்னக்கூடாதாம். உமாசுதன் அக்காவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், மேசையில் நடுவாக வைக்கப்பட்டிருந்த ஒடியல் மா ரின்னைப் பார்த்தான். திரும்பிக் கடைக்கே போய்விடலாமா என்று அவனுடைய செருப்பு யோசித்தது.

"நீங்களும் உடந்தை," என்றாள் அருந்ததி.

"நான் என்னத்தைக் கண்டன்? நீர் பாவம் எண்டு..."

"பாவம் எண்டு சொல்லாதீங்கோ!"

ஸீனத்தின் சுளகும் கத்தியும் அருந்ததிக்கு ஞாபகம் வந்தன. எல்லாரும் நல்லவங்க. அதுதான் பயமாக இருந்தது. கெட்டவர்கள் என்றால் கத்திவிட்டுக் கதவைச் சாத்தலாம்.

அவள் மச்சாளின் சூட்கேசுக்குப் பக்கத்தில் போய், மடித்த சேலையொன்றை எடுத்து வெளியே போட்டாள். மச்சாள் அதை எடுத்து உள்ளே வைத்தாள். இவள் மறுபடி வெளியே போட்டாள்.

"நீங்கள் போனால் நான் வேலையை விடோணும். நான் பாதியிலை விட்டதுகளின்ரை லிஸ்டிலை அதையும் சேக்கப்போறியளோ?"

மூன்றாம் தரம் மச்சாள் சேலையை எடுக்கவில்லை.

கிளினிக் மிஸ்சுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். அவளுடைய தமிழ் பாதி சிங்களம். ஆனால் சந்தேகப்படுவதற்கு அது போதும். "பால்மா குடுத்ததா? எத்தன நாள்? ஏன் எனக்கு சொல்ல இல்ல?" என்று மூன்று பேரையும் தனித்தனியாக விசாரித்தாள். பிறகு மூச்சு விட்டாள். "பால் போக இல்ல. பாப்பா கேட்டா வரும். பாப்பா கேக்க வேணும். போத்தல் வேணாம். சனி, ஞாயிறு, திங்கள் போயா. மூணு நாள் அம்மா எங்கயும் போக வேணாம். பாப்பாவ நெஞ்சிலயே வச்சிக்கோங்க. மத்த ரெண்டு பேரும் சமைங்க."

சனிக்கிழமை மிதுரா போர் அறிவித்தாள். சூப்பியில் வாய் வைத்தவுடன் பால் கொட்டிப் பழகியவளுக்கு, இழுத்துக் குடிப்பது கூலியில்லா வேலையாகப் பட்டது. முகம் சிவந்து, முதுகை வில்லாக வளைத்து, நான்கு மாடிக்கும் கேட்கக் கத்தினாள். கீழிருந்து ஸீனத் மேலே வந்து எட்டிப்பார்த்தாள். மத்தியானம் உமாசுதனால் தாங்க முடியவில்லை. "ஒருக்கா மட்டும், கொஞ்சமா..." என்று குசினிப் பக்கம் திரும்பினான்.

மச்சாள் தட்டுக்கு முன்னால் நின்றாள். கையில் அகப்பை.

"தொட்டுப்பாரடா பாப்பம்."

"அக்கா, நீதானே முதல்..."

"ஓம், நான்தான். அதுதான் சொல்லுறன், தொடாதை."

அருந்ததிக்கு அறைக்குள்ளிருந்து அது கேட்டது. பிள்ளையின் கத்தலுக்குள் அவள் சிரித்தாளா அழுதாளா என்று சொல்வது கடினம். அவள் மார்பிலும் ஒன்றும் பெரிதாக இல்லைப்போலத்தான் இருந்தது. விட்டுவிடலாம் என்று ஐந்து நிமிசத்துக்கு ஒரு தரம் நினைத்தாள். விட்டால் ஒருத்தரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதே நல்ல ஆட்கள், அதே பாவம். அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாய்ப்பாட்டைத் தொடங்கினாள். பதினேழாம் வாய்ப்பாட்டில் பிழைவிட்டாள். மறுபடி தொடங்கினாள்.

ஞாயிறு இரண்டு இழுவை ஏழு இழுவையானது. திங்கட்கிழமை, பௌர்ணமிப் போயாவன்று, பின்னேரம் கடலில் இருந்து மழை ஏறி வந்து யன்னலை அடித்தபோது, மிதுரா கத்தக் களைத்து, வேறு வழியில்லாமல், மிகவும் அவமானப்பட்ட முகத்தோடு வாய் வைத்தாள். வைத்த வாயை எடுக்கவில்லை. சற்று நேரத்தில் அருந்ததிக்கு நெஞ்சுக்குள் அந்தப் பழைய குறுகுறுப்பு இறங்கியது, ஊசியால் கோடு இழுப்பதுபோல. அவள் அசையவில்லை. அசைந்தால் போய்விடுமோ என்ற சந்தேகம்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகும்போது, பெட்டியில் இருந்த கடதாசியின் கீழே பேனையால் பதினோராவதை எழுதினாள். "பால் இரண்டாகப் பிரிந்தால் அது பழுதல்ல. மெல்ல ஆட்டவும்." கோப்பறையில் குப்பி முக்காலுக்கு வந்தது. முழுதாக இல்லை. முக்கால். கதவு தட்டுப்பட்டபோது அவள், "பிள்ளைக்குப் பால் எடுக்கிறன் சேர்," என்று சொல்லிவிட்டாள். வெளியே சப்பாத்துச் சத்தம் ஓட்டமாகப் போய் மறைந்தது. மத்தியானம் பார்த்தால் கோப்பறைக் கதவில் புதுக் கொழுக்கி ஒன்று பூட்டியிருந்தது. சேர் அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பெட்டியில் பன்னிரண்டாம் உறுப்புரையும் இருந்தது. மச்சாளின் சரிந்த எழுத்து. "அருந்ததி பத்து மணிக்குத் தேத்தண்ணியும் வாழைப்பழமும் எடுக்க வேண்டும். தவறினால் நான் போன் பண்ணுவன்." எறியமுடியாத அந்த மீதிப் பால்மா முழுவதும் உமாசுதனின் தேத்தண்ணிக்கு என்று தீர்ப்பாகியிருந்தது. அவன் ஒரு மிடறு குடித்து, பேக்கரி மணக்க மூச்சு விட்டான்.

அருந்ததி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டு முதுகைத் தட்டினாள். மிதுரா ஏவறை விட்டாள். இளம் புளிப்பு. வெயிலில் காய்ந்த துணி.

இருந்தாலும் பிள்ளையோடு பல்கனிக்குப் போய்ச் சாடியைக் குனிந்து பார்த்தாள். மண் காய்ந்திருந்தது. எறும்பு ஒன்றுகூட இல்லை.

"பாத்திட்டியே?" குசினிக்குள்ளிருந்து மச்சாள் கேட்டாள். "நாளைக்கும் பாப்பியோ?"

"ஓம், பாப்பன்."

"பார், பார். நானும் உன்ரை குப்பியைத் தினம் பாக்கிறன்தானே."

கறிவேப்பிலையில் இரண்டு இலை மஞ்சளாகியிருந்தது. பாவம், அதற்குப் பால் மறக்கடித்து நாலு நாள்தான்.